சர்வீஸ் எழ மறுக்கிறதா? சிஸ்டம்டி யூனிட் கோப்பில் பிழை தேடும் வழி

லினக்ஸில் ஒரு நிரலை டெர்மினலில் கையால் ஓட்டினால் நன்றாக ஓடும். அதையே யூனிட் கோப்பில் (எதை, எப்படி ஓட்டுவது என்று சொல்லும் அமைப்புக் கோப்பு) எழுதி, பின்னணியில் ஓடும் சர்வீஸாகப் போட்டால் படுத்துக்கொள்ளும். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி, நிறுத்தி, கண்காணிக்கும் சிஸ்டம்டி பற்றி எழும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் வேறுவேறு முகங்கள்தான். உங்கள் டெர்மினலுக்குப் பின்னால் ஒரு ஷெல் இருக்கிறது, அது படித்துவைத்த பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பு இருக்கிறது, நீங்கள் நிற்கும் ஃபோல்டர் இருக்கிறது, உங்கள் பயனர் உரிமை இருக்கிறது. சர்வீஸுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. யூனிட் கோப்பில் எழுதியிருப்பது மட்டுமே அதன் உலகம்.

கீழே எல்லா இடத்திலும் ஒரே உதாரணம்தான்: /ஆப்ட்/பில்லிங் ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஜாவா நிரல், பில்லிங் என்ற பயனர், பில்லிங்.சர்வீஸ் என்ற யூனிட் கோப்பு. கட்டளைகளை இங்கே ஒலிக்கும்படி எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது வழக்கமான எழுத்திலேயே அடியுங்கள்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பில்லிங் என்று அடித்ததும் சிவப்பாக வரும் 'ஃபெயில்ட்' என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம். மெயின் பிஐடி (முதன்மை ப்ராசஸின் எண்) வரியில் 'கோட்', 'ஸ்டேட்டஸ்' என்று இரண்டு விவரம் இருக்கும். அங்கேதான் பாதி பதில்.

ஸ்டேட்டஸ் எண் 200 அல்லது அதற்கு மேல் இருந்து, பக்கத்தில் சாய்கோடு போட்டு ஒரு பெயரும் இருந்தால் (203/எக்ஸெக், 217/யூசர் என்பதுபோல), உங்கள் நிரல் ஓடவே இல்லை. அதை ஓட்டுவதற்கான ஏற்பாட்டிலேயே சிஸ்டம்டி தடுக்கி விழுந்திருக்கிறது. தவறு யூனிட் கோப்பில் அல்லது கோப்பு உரிமைகளில். நிரலின் சொந்த லாக்கை (பதிவுக் கோப்பை) திறந்து பார்ப்பது வீண். அதில் ஒரு வரிகூட இருக்காது.

1, 2 என்று சிறிய எண் வந்தால் நிரல் எழுந்து, ஏதோ பிடிக்காமல் தானே வெளியேறியிருக்கிறது. அதன் லாக்கைப் படியுங்கள். 'கோட்' என்ற இடத்தில் 'கில்ட்' என்றிருந்தால் யாரோ கொன்றிருக்கிறார்கள். யார் என்பது பின்னால் வரும்.

லாக்கைப் பார்க்க ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு மைனஸ் யூ பில்லிங், மைனஸ் பி, மைனஸ் ஈ மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கணினி கடைசியாக பூட் ஆன பிறகு வந்த லாக் மட்டும், கடைசியிலிருந்து தெரியும். ஸ்டேட்டஸ் கட்டளை காட்டும் கடைசி 10 வரிகளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ரீஸ்டார்ட் சுழலில் இருக்கும் சர்வீஸில் உண்மையான பிழை அந்த 10 வரிக்கு மேலே போய்விட்டிருக்கும்.

கோப்பைத் திருத்தியும் எதுவும் மாறவில்லை

டீமன்-ரீலோட் (யூனிட் கோப்புகளை மீண்டும் படிக்கச் சொல்லும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை) செய்தீர்களா? யூனிட் கோப்பை சிஸ்டம்டி ஒவ்வொரு முறையும் டிஸ்கிலிருந்து படிப்பதில்லை. திருத்தியபின் டீமன்-ரீலோட், அதன்பின் ரீஸ்டார்ட். இரண்டும் வேண்டும். ரீலோட் மட்டும் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் பழைய அமைப்போடுதான் ஓடும்.

அதுவும் செய்தாயிற்று என்றால், நீங்கள் திருத்தும் கோப்பும் சிஸ்டம்டி படிக்கும் கோப்பும் ஒன்றுதானா என்று பாருங்கள். சிஸ்டம்சிடிஎல் கேட் பில்லிங் அடித்தால் எந்தெந்தக் கோப்புகளிலிருந்து எது வந்தது என்று பாதையோடு காட்டும். /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால், /யூஎஸ்ஆர்/லிப் கீழே உள்ளதில் நீங்கள் தலைகீழாக நின்று திருத்தினாலும் அது கண்டுகொள்ளாது. அந்த /யூஎஸ்ஆர்/லிப் கோப்பைத் தொடவே கூடாது என்பது வேறு விஷயம்; அடுத்த பேக்கேஜ் அப்டேட் அதை மேலெழுதிவிடும்.

சரியான வழி சிஸ்டம்சிடிஎல் எடிட் பில்லிங். அது ஓவர்ரைடு கோப்பு (மூலக் கோப்பைத் தொடாமல் அதன் வரிகளை மாற்றும் சிறு கோப்பு) ஒன்றைத் திறந்து கொடுக்கும், சேமித்ததும் ரீலோடையும் தானே செய்துகொள்ளும். இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, திறக்கும் கோப்பில் 'இதற்குக் கீழே எழுதுவது கைவிடப்படும்' என்ற பொருளில் ஒரு குறிப்பு வரி இருக்கும். அதற்கு மேலேதான் எழுத வேண்டும். கீழே எழுதினால் சேமித்ததும் காணாமல் போகும். இரண்டு, எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றப் போனால் வெறுமனே புதியதை எழுதக் கூடாது. அது பழையதோடு சேர்ந்துகொண்டு இரண்டாகிவிடும். ஒன்றுக்கு மேல் எக்ஸெக்ஸ்டார்ட் இருப்பது ஒன்ஷாட் (ஒரு வேலையை முடித்து வெளியேறும்) வகைக்கு மட்டுமே அனுமதி என்று மறுத்துவிடும். முதலில் காலியாக ஒரு வரி, பிறகு புதியது:

எக்ஸெக்ஸ்டார்ட்=
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஆப்ட்/பில்லிங்/பின்/ரன்.எஸ்ஹெச்

இன்னொரு காரணமும் உண்டு, இது கண்ணில் படுவதே இல்லை. வரியின் கடைசியில் # போட்டுக் குறிப்பு எழுதும் பழக்கம். சிஸ்டம்டியில் # வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் குறிப்பு. மெமரிமேக்ஸ்=512எம் என்று எழுதி அதே வரியில் # போட்டு 'வரம்பு' என்று சேர்த்தால், அந்த முழு வரியும் மதிப்பாகவே படிக்கப்படும்; புரியாமல் அதை ஒதுக்கிவிட்டு சர்வீஸ் வரம்பே இல்லாமல் எழுந்துவிடும். யூனிட், சர்வீஸ், இன்ஸ்டால் என்று கோப்பில் உள்ள பகுதிகளில் தவறான பகுதியில் எழுதிய வரிக்கும் இதே கதி. சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை கட்டளைக்குக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் இப்படிப்பட்டவற்றை வரி எண்ணோடு சொல்லிவிடும். புதிய யூனிட் எழுதியதும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

203/எக்ஸெக்

நிரலை ஓட்டச் சொன்னீர்கள், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முடியாது என்றது. ஏன் என்பது ஜர்னலில் அதே வரியில் இருக்கும். மூன்று விதமான பதில் வரும்.

'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி': பாதை தவறு. கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே என்பவர்கள் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியைப் பார்க்க வேண்டும். இல்லாதது உங்கள் ஸ்கிரிப்ட்டாக இருக்க வேண்டியதில்லை. அதை ஓட்டச் சொல்லி முதல் வரியில் குறித்த இன்டர்பிரட்டராகவும் இருக்கலாம். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் என்றால் கிட்டத்தட்ட நிச்சயம்: ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கெர்னல் பாஷைத் தேடவில்லை, பாஷ் என்பதோடு அந்த எழுத்தும் சேர்ந்த பெயரில் ஒரு நிரலைத் தேடுகிறது. கேட் மைனஸ் பெரிய ஏ போட்டுப் பாருங்கள், முதல் வரியின் முடிவில் டாலருக்கு முன்னால் ^ குறியோடு எம் தெரிந்தால் அதுவேதான். டாஸ்டூயூனிக்ஸ் ஒரு முறை ஓட்டினால் போதும்.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்': ஸ்கிரிப்ட்டில் அந்த முதல் வரியே இல்லை. கையால் ஓட்டினால் ஓடியதே என்றால், பாஷ் தயவால் ஓடியது. முதல் வரி இல்லாத கோப்பைத் தானே ஷெல் ஸ்கிரிப்ட்டாக எடுத்து ஓட்டும் தாராளம் அதற்கு உண்டு, சிஸ்டம்டிக்கு இல்லை. ஏஆர்எம் கணினியில் இன்டெல் பைனரியை வைத்தாலும் இதே பதில்தான்.

'பெர்மிஷன் டினைடு': சிமாட் போட்டு இயக்க உரிமை கொடுங்கள். கொடுத்தும் வந்தால், மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் பில்லிங் பயனர் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். நேம்ஐ கட்டளை மைனஸ் எல் கொடுத்தால் பாதை முழுவதன் உரிமையையும் வரிசையாகக் காட்டும். ஹோம் ஃபோல்டருக்குள் நிரலை வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

ரெட்ஹேட், ஃபெடோரா வகையறாவில் உரிமைகள் அத்தனையும் சரியாக இருந்தும் மறுத்தால், அது எஸ்இலினக்ஸ் (கோப்பில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து அனுமதி தரும் கூடுதல் பாதுகாப்பு). இதில் ஒரு நுணுக்கம். ஹோம் ஃபோல்டரில் செய்த கோப்பை எம்வி மூலம் /ஆப்ட் கீழே நகர்த்தினால் அதன் பழைய லேபிள் கூடவே வந்துவிடும். சிபி மூலம் நகலெடுத்தால் போகும் இடத்தின் லேபிளைப் பெறும். எம்வி செய்திருந்தால் ரெஸ்டோர்கான் கட்டளையை /ஆப்ட்/பில்லிங் மீது ஓட்டுங்கள். இதற்காக எஸ்இலினக்ஸையே அணைப்பது மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்துவது.

200, 217, 226

200/சிஹெச்டிர் என்றால் வொர்க்கிங்டைரக்டரி வரியில் சொன்ன ஃபோல்டர் இல்லை, அல்லது அந்தப் பயனரால் நுழைய முடியவில்லை. 217/யூசர் என்றால் பயனர் பெயரே கணினியில் இல்லை. எழுத்துப்பிழை, அல்லது புதுக் கணினியில் பயனரை உருவாக்க மறந்தது. 226/நேம்ஸ்பேஸ் வந்தால் ரீட்ரைட்பாத்ஸ் போன்ற பாதுகாப்பு வரிகளில் எழுதிய ஃபோல்டர் ஏதோ ஒன்று டிஸ்கில் இல்லை. ஃபோல்டரை உருவாக்குங்கள், அல்லது பாதைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். இல்லாவிட்டால் போகட்டும் என்று பொருள்.

எழுகிறது, உடனே 1 என்று விழுகிறது

இதுதான் 'கையால் ஓட்டினால் ஓடுகிறது' ரகம். நிரல் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கு வேண்டிய சூழல் மாறிகள் இல்லை.

யூனிட் கோப்பில் எழுதும் கட்டளை ஷெல்லுக்குப் போவதில்லை. ஆகவே பைப், > போட்டு லாக்கைத் திருப்புவது, ~ போட்டு ஹோமைக் குறிப்பது, இரண்டு கட்டளையை && போட்டு இணைப்பது எதுவும் நடக்காது. அவை அப்படியே எழுத்து மாறாமல் உங்கள் நிரலுக்கு ஆர்க்யுமென்டாகப் போய்ச் சேரும். நிரல் '>' என்ற பெயரில் கோப்பைத் தேடித் திண்டாடும்.

மாறிகளைக் கொடுக்க என்விரான்மென்ட்ஃபைல் வரியில் ஒரு கோப்பைக் காட்டலாம். அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் இல்லை என்பதை மறந்தால் பிரச்சினை. வரியின் முன்னால் எக்ஸ்போர்ட் என்று எழுதினால் அந்த வரி செல்லாது என்று ஒதுக்கிவிடும், ஜர்னலில் ஒரு எச்சரிக்கை மட்டும் இருக்கும். டாலர் போட்டு இன்னொரு மாறியை உள்ளே இழுக்கவும் முடியாது; பாத்=டாலர்பாத் என்று எழுதினால் டாலர்பாத் என்ற எழுத்துகளே மதிப்பாகும். கோப்பு ரூட் பெயரில், 600 உரிமையில் இருக்கலாம். சிஸ்டம்டி அதைப் படித்த பிறகுதான் பில்லிங் பயனராக மாறும்.

பாஸ்வேர்டை என்விரான்மென்ட் வரியிலேயே எழுதுகிறவர்களுக்கு இரண்டு தண்டனை. சிஸ்டம்சிடிஎல் ஷோ அடிக்கும் எந்தப் பயனருக்கும் அது தெரியும். அதோடு, யூனிட் கோப்பில் % குறிக்குத் தனிப் பொருள் உண்டு. பாஸ்வேர்டில் % குறியும் அதையடுத்து சிறிய என் எழுத்தும் வந்தால், அந்த இடத்தில் யூனிட்டின் பெயர் வந்து உட்காரும். டேட்டாபேஸ் 'பாஸ்வேர்டு தவறு' என்று சொல்லும், நீங்கள் மணிக்கணக்கில் டேட்டாபேஸைச் சோதிப்பீர்கள். யூனிட்டில் % வேண்டுமென்றால் %% என்று இரட்டிக்க வேண்டும். என்விரான்மென்ட்ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை.

தொடங்கிக்கொண்டே இருக்கிறது, 90 விநாடியில் சாகிறது

ஸ்டேட்டஸ் 'ஆக்டிவேட்டிங்' என்று நிற்கிறது. நிரலும் வேலை செய்கிறது, பிரவுசரில் பக்கம்கூட வருகிறது. ஒன்றரை நிமிடத்தில் கொன்றுவிடுகிறது. டைப் வரி தவறு. டைம்அவுட்ஸ்டார்ட்செக் அளவின் இயல்பு 90 விநாடி. சில லினக்ஸ் வகைகளில் இதைக் குறைத்து வைத்திருப்பார்கள்.

ஃபோர்க்கிங் என்று எழுதினால், நிரல் தன்னைக் கிளைத்துப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு முதல் ப்ராசஸ் வெளியேறும் என்று சிஸ்டம்டி காத்திருக்கும். இன்றைய நிரல்கள் பெரும்பாலும் முன்னணியிலேயே ஓடுபவை. வெளியேறாது, காத்திருந்து காத்திருந்து கொல்லும். நோட்டிஃபை என்று எழுதினாலும் இதே கதை: நிரல் 'ரெடி' என்று சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எங்கிருந்தோ நகலெடுத்த யூனிட்டில் இந்த இரண்டில் ஒன்று இருந்து, உங்கள் நிரலுக்கு அது பொருந்தாவிட்டால், எக்ஸெக் என்று மாற்றுங்கள். இது பதிப்பு 240 முதல் இருக்கிறது, சிம்பிளைவிட நல்லது. சிம்பிளில் ஓட்ட வேண்டிய கோப்பே இல்லாவிட்டாலும் ஸ்டார்ட் கட்டளை வெற்றி என்று திரும்பிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தன்னைத் தானே பின்னணிக்கு அனுப்பும் நிரலுக்கு சிம்பிள் போட்டால், முதல் ப்ராசஸ் வெளியேறியதும் வேலை முடிந்தது என்று நினைத்து, மிச்சமிருக்கும் குழந்தை ப்ராசஸ்களையும் துடைத்துவிடும். ஜர்னலில் பிழையே இருக்காது.

'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ க்விக்லி'

இது நோயல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி கையை விரித்துவிடும். ரீஸ்டார்ட்செக் எழுதாவிட்டால் இடைவெளி 100 மில்லிவிநாடிதான். டேட்டாபேஸ் ஒரு கணம் கண்ணயர்ந்தாலே ஐந்து வாய்ப்பும் தீர்ந்துவிடும். ரீஸ்டார்ட்செக்=5 என்று வைத்தால் 10 விநாடிக்குள் ஐந்து முயற்சி நடக்கவே வழியில்லை, ஆகவே அது சலிக்காமல் முயன்றுகொண்டே இருக்கும். பெரும்பாலான வலை நிரல்களுக்கு அதுதான் வேண்டும். ஸ்டார்ட்லிமிட் வரிகளை மாற்றுவதானால் அவை யூனிட் பகுதியில் இருக்க வேண்டும், சர்வீஸ் பகுதியில் அல்ல. மூலக்காரணத்தைச் சரிசெய்தபின் ரீசெட்-ஃபெயில்ட் அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

9/கில்: கொன்றது யார்?

நிறுத்தச் சொல்லாமலே இது வந்தால் சந்தேகம் மெமரி மேல். ரிசல்ட் 'ஓஓஎம்-கில்' (மெமரி தீர்ந்ததால் கொன்றது) என்றிருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வரம்பு? ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே அடித்துக் கெர்னல் வரிகளைப் பாருங்கள். 'மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி' என்றிருந்தால் (சிகுரூப் என்பது ஒரு சர்வீஸின் ப்ராசஸ்களைக் கெர்னல் சேர்த்துவைக்கும் குழு) உங்கள் யூனிட்டில் நீங்களே வைத்த மெமரிமேக்ஸ் கொன்றது. சிகுரூப் என்ற சொல் இல்லாமல் 'அவுட் ஆஃப் மெமரி' மட்டும் என்றால் கணினி முழுவதிலும் மெமரி தீர்ந்திருக்கிறது; பசித்தது வேறொரு நிரலாக இருந்து, பலியானது உங்களுடையதாக இருக்கலாம்.

ஜாவாவில் அடிக்கடி நடக்கும் கணக்குப்பிழை இது. மெமரிமேக்ஸ்=512எம், ஜாவாவின் ஹீப் (நிரலின் தரவு தங்கும் மெமரி) வரம்பும் 512எம். இரண்டும் பொருந்துகிறதே என்று தோன்றும். ஹீப் என்பது ஜாவா எடுக்கும் மெமரியில் ஒரு பகுதிதான். மெட்டாஸ்பேஸ், கம்பைல் செய்த கோட், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 64 பிட் லினக்ஸில் 1 எம்பி வரை ஸ்டாக், நேரடி பஃபர்கள் எல்லாம் அதற்கு வெளியே. 100 த்ரெட் ஓடும் நிரலுக்கு ஸ்டாக் மட்டுமே 100 எம்பி வரை போகலாம். 512 எம்பி வரம்புக்குள் ஹீப்பை 300 எம்பி சுற்றி வைத்துத் தொடங்குங்கள். அப்படியும் கொன்றால் வரம்பை உயர்த்துங்கள், ஹீப்பை அல்ல. ஹீப் போதாவிட்டால் ஜாவா தன் பிழையைத் தானே லாக்கில் எழுதும். கெர்னல் கொன்றால் ஒரு வரி எழுதவும் நேரம் கிடைக்காது. முன்னதே மேல்.

நிறுத்தும்போது மட்டும் 9/கில் வந்தால் அது வேறு. ஸ்டாப் சொன்னபின் டைம்அவுட்ஸ்டாப்செக் அளவுக்குக் காத்திருந்து, நிரல் அசையாததால் சிஸ்டம்டியே கொன்றது. ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக நிரலை ஓட்டுகிறவர்கள் கடைசி வரியில் ஜாவாவுக்கு முன்னால் எக்ஸெக் என்று சேர்த்தால் ஷெல் இடைத்தரகர் விலகிக்கொள்ளும். ஒழுங்காக நின்றும் 'ஃபெயில்ட்' என்று 143 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை: நிறுத்தச் சொன்ன சிக்னலுக்கு ஜாவா கொடுக்கும் எண் அது. சக்சஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=143 என்று ஒரு வரி போடுங்கள்.

சாகவில்லை, ஆனால் இழுத்து இழுத்து ஓடுகிறது

சிபியூகோட்டா=50% என்று இருக்கிறதா? கணினியில் பாதி என்று நினைத்து எழுதுவார்கள். 100% என்பது ஒரு கோர். 50% என்பது அரை கோர். எட்டு கோர் கணினியில் பாதி வேண்டுமென்றால் 400% என்று எழுத வேண்டும். இயல்பான கணக்கு 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை நடக்கிறது. 50% என்றால் அதில் 50 மில்லிவிநாடி பங்கு. நான்கு த்ரெட்கள் நான்கு கோர்களில் சேர்ந்து ஓடினால் அந்தப் பங்கு 12.5 மில்லிவிநாடியில் தீர்ந்து, மிச்சம் 87.5 மில்லிவிநாடியும் நிரல் உறைந்து நிற்கும். டாப் கட்டளையில் பார்த்தால் சிபியூ காலியாகக் கிடக்கும், பக்கமோ திக்கித் திக்கி வரும். அந்த சர்வீஸின் சிகுரூப் ஃபோல்டரில் சிபியூ.ஸ்டாட் கோப்பில் 'த்ராட்டில்ட்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் இதுதான்.

'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்'

/எட்சி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் உயர்த்தியும் பயனில்லை என்பவர்களுக்கு: அந்தக் கோப்பு லாகின் செய்யும் பயனர்களுக்கு. சிஸ்டம் சர்வீஸ் அதைப் படிப்பதில்லை. யூனிட்டில் லிமிட்நோஃபைல்=65536 என்று எழுதுங்கள். /ப்ராக் கீழே அந்த ப்ராசஸ் எண்ணின் ஃபோல்டரில் லிமிட்ஸ் என்ற கோப்பைப் படித்தால் உண்மையில் என்ன கிடைத்திருக்கிறது என்று தெரியும். ஜாவா 'புது த்ரெட் உருவாக்க முடியவில்லை' என்று அழுதால் பார்க்க வேண்டியது டாஸ்க்ஸ்மேக்ஸ் (ப்ராசஸ், த்ரெட் எண்ணிக்கையின் வரம்பு).

ரீபூட் செய்தால் மட்டும் எழுவதில்லை

ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு. இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட் இருந்து, எனேபிளும் செய்திருந்தால்தான் பூட்டில் எழும். ஸ்டேட்டஸில் 'ஸ்டாட்டிக்' என்று தெரிந்தால் இன்ஸ்டால் பகுதியையே எழுதவில்லை என்று பொருள்.

எழுந்து, பூட்டில் மட்டும் விழுந்து, பிறகு கையால் ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது என்றால் வரிசைப் பிரச்சினை. ஆஃப்டர் என்பது வரிசையை மட்டுமே சொல்லும். அந்த இன்னொரு சர்வீஸை எழுப்பாது. எழுப்ப வான்ட்ஸ் அல்லது ரிக்வயர்ஸ் வேண்டும். 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று வந்தால் நிரல் எழும்போது அந்த ஐபி முகவரி இன்னும் கணினிக்கு வந்து சேரவில்லை. நெட்வொர்க்.டார்கெட் போதாது, நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்பதை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டு வரியிலும் எழுதுங்கள். டேட்டா தனி டிஸ்கில் இருந்தால் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா என்று சேருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் ஏறுவதற்கு முன்பே நிரல் எழுந்து, காலியான /டேட்டா ஃபோல்டரில் புதிதாக எழுதத் தொடங்கிவிடலாம். பின்னால் டிஸ்க் அதன்மேல் ஏறி அந்தக் கோப்புகளை மறைத்துவிடும். நேற்று போட்ட பில்கள் காணவில்லை என்று யாராவது சொன்னால், சர்வீஸை நிறுத்தி, /டேட்டா டிஸ்கை அன்மவுண்ட் செய்துவிட்டு அடியில் என்ன கிடக்கிறது என்று முதலில் பாருங்கள்.